மூண்டு பிள்ளைக்கு ஒரு பிக்கப்

அண்டைக்குச் சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். லண்டனில எங்கட வீட்டில இருந்து இருபது நிமிச ஓட்டத்தில இருக்கிற சட்டனில ஒரு வாகனம் பாத்திட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டை வரவேணும்.

என்ர மனிசி சுகந்திக்கு அப்ப எட்டு மாதம். மூண்டாவது. பெரியவள் மாயாவுக்கு எட்டு வயசு, சின்னவள் நிலாவுக்கு ஐஞ்சு. எங்கட கார் சின்னன். பின்னுக்குப் பிள்ளையளின்ர ரெண்டு சீற்றையும் வைச்சால் நடுவில ஒரு தண்ணிப் போத்தல் வைக்கலாம். பிள்ளை வைக்க ஏலாது.

சுகந்தி தெளிவாத்தான் சொல்லியிருந்தா.

"ஏழு சீற் கார் ஒண்டு பாருங்கோ. கதவு பக்கவாட்டில இழுபடுறதாப் பாருங்கோ."

நான் ஓம் எண்டனான். ஓம் எண்டுபோட்டு மூண்டு கிழமையா போனில பிக்கப் பாத்துக்கொண்டிருந்தனான்.

பிக்கப் எண்டால் தெரியும்தானே. முன்னுக்கு நாலு கதவு, பின்னுக்குத் திறந்த தட்டு, பக்கத்தில நிண்டால் என்ர நெஞ்சளவுக்கு வாற பொனற், அதான் எஞ்சின் மூடி. சீமெந்து மூட்டை ஏத்திறவையும் ஆடு மாடு வைச்சிருக்கிறவையும் ஓடுற வாகனம்.

நான் ஒரு ஒபிசில கொம்பியூட்டர் பாக்கிற ஆள். வேலையில நான் தூக்கிற ஆகப் பெரிய பாரம் லாப்டொப். அதுவும் இப்ப மெல்லிசாப் போச்சு. கோலியர்ஸ் வுட்டில எங்கட ரோட்டில சேறும் இல்லை, மலையும் இல்லை. வேகத்தடை நாலு இருக்கு, அவ்வளவுதான்.

ஆனா மூண்டாவது எண்டு தெரிஞ்ச நாளில இருந்து எனக்கு உள்ளுக்க ஒரு நடுக்கம். ரெண்டு பிள்ளையளுக்குக் காலமை சொக்ஸ் தேடிக் குடுக்கவே எனக்கு ஏலாமக் கிடக்கு. பெரிய வாகனம் ஒண்டில ஏறி இருந்தால் மூண்டு பிள்ளையின்ர தகப்பன் எண்ட தோற்றமாவது வரும் எண்டு நினைச்சன்.

இதை நான் சுகந்திக்குச் சொல்லேல்லை. சொன்னது வேற.

"பிள்ளை தள்ளுற பிராம், சைக்கிள், கடைச் சாமான் எல்லாத்தையும் பின்னுக்குத் தூக்கிப் போடலாம்."

"பிள்ளையை எங்க போடுறது?"

"அது உள்ளுக்கதான்."

"அப்ப சரி," எண்டா.

அந்த "அப்ப சரி"க்கு என்ன அர்த்தம் எண்டு எனக்குப் பத்து வருசமாத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் வெளிக்கிட்டன்.

பிக்கப் வைச்சிருந்தவர் தவம் அண்ணை. ஜேர்மனியில கன வருசம் இருந்திட்டு இஞ்ச வந்து கட்டட வேலை செய்யிறவர். வாசலில கறுப்பு நிறத்தில நிண்டுது வாகனம். கழுவித் துடைச்சு, சில்லுக்கு எண்ணெய் பூசி, பொம்பிளை பாக்க ஆள் வருகுது எண்டு வெளிக்கிடுத்தி விட்ட மாதிரி.

என்ர காரில இருந்து இறங்கின என்னை அவர் மேலயும் கீழயும் பாத்தார்.

"தம்பி என்ன வேலை?"

"கொம்பியூட்டர், அண்ணை."

என்ர கையைப் பாத்தார்.

"அப்ப இதில என்ன ஏத்தப் போறீர்?"

"குடும்பம்."

"குடும்பமோ," எண்டு சொல்லி பிக்கப்பைத் திரும்பிப் பாத்தார். அதுக்கு ஏதோ துக்கச் செய்தி சொல்லப்போற ஆள் மாதிரி இருந்தது முகம்.

நான் அறிவாளி மாதிரி வாகனத்தைச் சுத்தி வந்தன். ஒரு சில்லைக் காலால தட்டினன். ஏன் தட்டிறது எண்டு எனக்குத் தெரியாது, வாகனம் பாக்கிற எல்லாரும் தட்டுகினம். கால் நொந்தது. பொனற்றைத் திறந்து உள்ளுக்கப் பாத்து "ம்ம்" எண்டன். தவம் அண்ணையும் "ம்ம்" எண்டார்.

"வீட்டுக்காரி பாத்தவவோ?"

"இல்லை அண்ணை. அவவுக்கு இப்ப எட்டு மாதம், இவ்வளவு தூரம் அலைய ஏலாது."

"அப்ப கொண்டு போய்க் காட்டிப்போட்டு வாரும். அவ பாக்காம வாங்கினீர் எண்டால் ரெண்டு நாளில திருப்பிக் கொண்டு வருவீர். உம்மட கார் இஞ்ச நிக்கட்டும். ஆனா ஒரு மணிக்கு இன்னொருத்தர் பாக்க வாறார். அதுக்கு முதல் இது இந்த இடத்தில நிக்கவேணும்."

போனிலேயே ஒரு நாள் இன்சூரன்ஸ் எடுத்தன். எங்கட காரில இருந்து பிள்ளையளின்ர ரெண்டு சீற்றையும் கழட்டிப் பின்தட்டில போட்டன். ஏறி இருந்தன்.

உண்மையைச் சொல்லுறன், அந்த உயரம் ஒரு வெறி. முன்னால போற கார்களின்ர கூரை தெரிஞ்சுது. ஒரு பஸ் டிரைவர் எனக்குக் கை காட்டினார். என்னையும் தங்கட ஆள் எண்டு நினைச்சிட்டார் போல. அந்த இருபது நிமிசமும் நான் மூண்டு பிள்ளை இல்லை, முப்பது பிள்ளைக்குத் தகப்பன்.

எங்கட ரோட்டுக்குள்ள திரும்பினதோட வெறி இறங்கிச்சு.

ரெண்டு பக்கமும் கார். நடுவில ஒரு கார் போகத்தான் இடம். மூச்சை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு ஓட்டினன், என்ர மூச்சால வாகனம் மெலியும் எண்டு நினைச்ச மாதிரி. பார்க்கிங் கோட்டுக்குள்ள விட்டால் முன்னுக்கு ஒரு முழம் வெளிய, பின்னுக்கு ஒரு முழம் வெளிய.

சுகந்தி வாசலுக்கு வந்து வயித்தில கையை வைச்சுக்கொண்டு பாத்தா.

"வீடு மாறப் போறமோ?"

"இதுதான் அந்த வாகனம்."

"இழுபடுற கதவு எங்க?"

நான் கேக்காத மாதிரி பிள்ளையளின்ர சீற் பூட்டப் போட்டன்.

இஞ்சதான் என்ர படிப்பு முழுக்க வெளிய வந்தது. பின்சீற்றில மூண்டு சீற்றும் பக்கம் பக்கமா நிக்குமோ எண்டு பாக்கிறதுதானே முக்கியம். நடுவில நிலாவை இருத்தி பெல்ற்றைப் பூட்டினன். பேந்து ஒரு பக்கத்தால வரப்போற பிள்ளைக்கு வாங்கி வைச்ச சீற்றை இறுக்கித் தள்ளினன். மற்றப் பக்கத்தால மாயாவின்ர சீற்றைத் தோளால இடிச்சு ஏத்தினன். மாயா தன்ர மெல்லிசுக் கையை இடுக்குக்குள்ள விட்டு தன்ர பெல்ற்றையும் ஒரு மாதிரிப் பூட்டினாள். கதவு சாத்துப்பட்டுது.

"பாத்தீரோ? மூண்டும் நிக்குது," எண்டன்.

"பாத்தன். நிலாதான் மூச்சு விடுறாளோ தெரியேல்லை," எண்டா சுகந்தி.

"குடும்பத்தோட ஒரு சுத்து ஓடிப் பாத்தால்தானே தெரியும். ஏறும்."

அவ கதவைத் திறந்தா. சீற் அவவின்ர இடுப்புக்கு மேல இருந்தது. ஒரு காலைத் தூக்கினா, இறக்கினா. மற்றக் காலைத் தூக்கினா, இறக்கினா. பேந்து என்னைப் பாத்தா. நான் ஓடிப்போய்க் குசினியில இருக்கிற மூண்டு படி ஏணியை எடுத்துக்கொண்டு வந்தன். பக்கத்து வீட்டுப் பமெலா, தனிய இருக்கிற வெள்ளைக்காரப் பெண்மணி, அவவும் வந்து ஒரு கை குடுத்தா. ஒரு மாதிரி ஏறி இருந்த சுகந்தி, மேல இருந்து வளவை ஒருக்கா நோட்டம் விட்டா.

முன்வளவில எங்கட பழைய மெத்தை கிடந்தது. அதை எறியிறன் எறியிறன் எண்டு நான் சொல்லத் தொடங்கினது பனிக்காலத்தில.

"பின்னுக்கு இவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கு. உந்த மெத்தையைப் போடுங்கோ. போற வழியில டம்பில எறிஞ்சிட்டுப் போவம்."

டம்ப் எண்டு நாங்கள் சொல்லுறது கவுன்சில்காரர் வீட்டுக் குப்பை எடுக்கிற இடத்தை. சட்டனுக்குப் போற வழியிலதான் இருக்கு. நேரம் பதினொண்டரை. மறுக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. பிக்கப் எதுக்கு நல்லது எண்டு மூண்டு கிழமையா வகுப்பு எடுத்தது நான்தானே.

மெத்தையைத் தூக்கிப் போட்டன். பமெலா அதைப் பாத்துக்கொண்டு நிண்டா.

"நீ அங்கதானே போறாய் டார்லிங், என்ர பழைய கதிரை ஒண்டு இருக்கு. பாரமில்லை," எண்டா இங்கிலீசில.

சாயிற கதிரை. பாரமில்லை எண்டது அவ அதைக் கடைசியாத் தூக்கின வயசில சரியா இருந்திருக்கும்.

கதிரையை ஏத்திக்கொண்டு நிக்க, முன்வீட்டுக் குமார் செருப்போட ஓடி வாறான்.

"மச்சான், பிக்கப் எடுத்திட்டியோ? சொல்லவே இல்லை. ஒரு சின்ன உதவி."

சின்ன உதவி எண்டது ஓடுற மெஷின். அதில அவன் ஓடி நான் ஒருநாளும் கண்டதில்லை. உடுப்புக் காயப்போட்டுக் கண்டிருக்கிறன். ரெண்டு பேரும் தூக்கேக்க என்ர நாரியில, இடுப்புக்குப் பின்னால, ஒரு சத்தம் கேட்டுது. கொடிக் கயிறைக் கழட்டி எல்லாத்தையும் சேத்துக் கட்டினன்.

அந்த வாகனம் என்ர கைக்கு வந்து ஒரு மணித்தியாலம் ஆகேல்லை. அது என்ர வாகனமும் இல்லை.

டம்பில வரிசை. எங்களுக்கு முன்னால எட்டுக் கார். வாற வழியில ஒரு வேகத்தடையில நான் கொஞ்சம் துள்ளி ஏறினதில நிலாவின்ர பெல்ற் இறுகிப் போச்சு எண்டு பின்னுக்கிருந்து ஒரு முறைப்பாடு வந்தது. நான் பெரிசா எடுக்கேல்லை.

மூண்டு கார் நகர்ந்த உடன நிலாவின்ர அடுத்த முறைப்பாடு.

"அப்பா, ரொய்லெற்."

"கொஞ்சம் பொறு குஞ்சு."

"ஏலாது அப்பா."

இறங்கிப் பின்கதவைத் திறந்து பெல்ற் பூட்டைத் தேடினன். பூட்டு இல்லை. அதாவது இருக்கு, ரெண்டு சீற்றுக்கும் நடுவில, அடியில. என்ர கை மணிக்கட்டு வரைக்கும்தான் போகுது. குழந்தைச் சீற்றை வெளிய இழுப்பம் எண்டால் அதைக் கட்டின பூட்டும் அதே இடுக்குக்குள்ள. மாயாவின்ர பூட்டும் அப்படித்தான். பூட்டத் தெரிஞ்ச மாயாவுக்கு அதை அமத்திக் கழட்டப் பலம் காணேல்லை.

"அப்பா, நீங்கள் பிழையாப் பூட்டிப்போட்டீங்கள்," எண்டாள் மாயா இங்கிலீசில.

"இஞ்சருங்கோ, என்ன நடக்குது அங்க?" எண்டு முன்சீற்றில இருந்து சுகந்தி.

"ஒண்டுமில்லை. நீர் இறங்கி வந்து ஒருக்காப் பாரும்."

"என்னண்டு இறங்கிறது? ஏணி எங்க?"

ஏணி வீட்டு வாசலில.

அப்ப நிலைமை இதுதான். வாகனத்துக்குள்ள என்ர குடும்பம் முழுக்க. ஒருத்தரையும் என்னால வெளிய எடுக்க ஏலாது. பின்னுக்கு வரிசையில நிக்கிறவை ஹோர்ன் அடிக்கினம். செம்மஞ்சள் ஜக்கெற் போட்ட நெட்டையான ஒரு ஆள் கையில குப்பை பொறுக்கிற நீளக் கவ்வியோட எங்களை நோக்கி வாறார்.

வந்தவர் பிள்ளையளைப் பாக்கேல்லை. பின்தட்டைப் பாத்தார்.

பிக்கப் எண்டால் வியாபார வாகனம், அனுமதி எடுத்திருக்க வேணும் எண்டார். எடுத்திருக்கிறியோ எண்டு கேட்டார். இல்லை எண்டன். முன்கூட்டிப் பதிஞ்சிருக்கிறியோ எண்டார். அதுவும் இல்லை. அப்ப வாகனத்தைத் திருப்பு எண்டார்.

இது வியாபாரம் இல்லை, வீட்டு மெத்தை எண்டு விளங்கப்படுத்தினன். அவர் சாயிற கதிரையைப் பாத்தார். ஓடுற மெஷினைப் பாத்தார். அதுகளைக் கட்டியிருந்த கொடிக் கயிறையும் பாத்தார். அதில மாட்டியிருந்த ரெண்டு கிளிப்பையும் பாத்தார்.

"இது உன்ர வாகனமோ?" எண்டார்.

"இல்லை," எண்டன்.

அவற்ற முகத்தில சந்தேகம் போய் இரக்கம் வந்தது. அதை என்னால தாங்க ஏலேல்லை.

அந்த நேரம் சுகந்தி முன்யன்னலால தலையை நீட்டி, மேல இருந்து, நல்ல இங்கிலீசில நிறுத்தி நிதானமாச் சொன்னா. "சேர், மெத்தையை விடுங்கோ. என்ர பிள்ளைக்கு ரொய்லெற் போகவேணும். அவளை வெளிய எடுக்க ஏலாமக் கிடக்கு. எடுக்க வேண்டியவர் உங்களோட அனுமதி கதைச்சுக்கொண்டு நிக்கிறார்."

அவர் உடன உள்ளுக்க எட்டிப் பாத்தார். நிலா கண்ணில தண்ணியோட சொண்டைக் கடிச்சுக்கொண்டு இருந்தாள். அதைக் கண்ட உடனதான் எனக்கும் வெக்கம் போய்ப் பதட்டம் வந்தது. பிள்ளையை நடுவில வைச்சு இறுக்கினது நான். தீ ஏதும் பிடிச்சிருந்தால் எண்டு ஒரு நினைப்பு வந்தது.

அந்த மனிசன் என்னைத் தள்ளி நிக்கச் சொன்னார். கவ்வியைத் தலைகீழாத் திருப்பினார். கைப்பிடிப் பக்கத்தை மெதுவா இடுக்குக்குள்ள விட்டு, கண்ணை மூடிக்கொண்டு துழாவினார். எங்களுக்குப் பின்னால ஹோர்ன் நிண்டு போச்சு. 'டக்' எண்டு ஒரு சத்தம். பெல்ற் பறந்து வந்தது.

தங்கட வேலையாக்களின்ர ரொய்லெற்றுக்கு வழி காட்டினார். நிலாவைத் தூக்கிக்கொண்டு ஓடினன். கடைசி நிமிசத்தில போய்ச் சேந்தம். இதுக்கு மேல அவள் பெரிசாகி எழுதட்டும்.

திரும்பி வந்து நன்றி சொல்லிப்போட்டு, இவ்வளவு நல்ல மனிசனாச்சே எண்டு, மெல்லமா மெத்தையைப் பாத்தன்.

"பிள்ளைக்கு நான் உதவி செய்யலாம்," எண்டார். "மெத்தைக்கு ஏலாது."

குழந்தைச் சீற்றை எடுத்து சுகந்தியின்ர கால்மாட்டில வைச்சன். பிள்ளையள் ரெண்டு பேரையும் தாராளமா இருத்தினன். வாகனத்தைத் திருப்பினன். நேரம் ஒரு மணி பத்து.

போன் அடிச்சுது. தவம் அண்ணை.

"தம்பி, எங்க நிக்கிறீர்?"

"வந்துகொண்டிருக்கிறன் அண்ணை. சின்ன ட்ரபிக்."

ட்ரபிக் நான்தான்.

சட்டனுக்குப் போய்ச் சேர ஒண்டரை தாண்டிப் போச்சு. தவம் அண்ணை கேற்றடியில நிண்டார். நல்லாப் பேச்சு விழப்போகுது எண்டு தலையைக் குனிஞ்சுகொண்டு இறங்கினன்.

அவர் என்னைப் பாக்கேல்லை. பின்தட்டுக்குப் போனார். மெத்தையில ஒரு விரல் வைச்சார். கதிரையைத் தட்டினார். மெஷினுக்குக் கிட்டக் குனிஞ்சு பாத்தார்.

"இதில எது உம்மட?"

"மெத்தை மட்டும்தான் அண்ணை."

"ரெண்டரை மணித்தியாலத்திலயோ?"

"ஓம் அண்ணை."

"எனக்கு முதல் நாள் சோபா ஒண்டுதான் வந்தது," எண்டார். "நீர் என்னை விடக் கெட்டிக்காரன்."

சுகந்திக்கு ஒரு ஏணி கொண்டு வந்து வைச்சார். அவ கடைசிப் படியில நிண்டுகொண்டே கேட்டா.

"அண்ணை, மற்றவர் வந்து பாத்திட்டுப் போயிட்டாரோ? எங்களால உங்களுக்கு நட்டமோ?"

"அவர் வரேல்லை, தங்கச்சி. மனிசி விடேல்லையாம்."

"அப்ப உண்மையைச் சொல்லுங்கோ. ஏன் இதை விக்கிறீங்கள்?"

அவர் கதவில சாஞ்சுகொண்டு கொஞ்சம் யோசிச்சார். பேந்து தொடங்கினார்.

"இதை வாங்கி பதினொரு வருசம். எனக்கெண்டு ஒரு சனிக்கிழமை இருந்ததில்லை. ஆரோ வீடு மாறுவினம். ஆற்றையோ பெட்டை யூனிவர்சிட்டிக்குப் போவாள், கட்டில் கொண்டு போகவேணும். கோயிலுக்குக் கதிரை, ஆற்றையோ பேத்டேக்கு இட்லி அண்டா. கலியாணத்துக்கு முதல் நாள் கூப்பிடுவினம், அடுத்த நாள் கூப்பிடுவினம். கலியாணத்தண்டைக்குக் கூப்பிட மறந்திடுவினம். இஞ்ச கனபேருக்கு என்ர பேர் தெரியாது. பிக்கப் அண்ணை எண்டுதான்."

"பிறகு என்ன வாங்கப் போறீங்கள்?" எண்டு நான் கேட்டன்.

"ரெண்டு கதவு இருக்கிற சின்னக் கார். பின்னுக்கு ஒரு சூட்கேஸ் வைச்சால் மூடி சாத்துப்படக் கூடாது."

"இதையெல்லாம் காலமை ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

"விக்க வேணுமே தம்பி," எண்டார்.

சுகந்திதான் முதல் சிரிச்சா. வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சதில எங்களுக்கு ஒரு பயம் வந்து ரெண்டு பேரும் கதிரை தேடினம். கிட்ட நிண்டது பமெலாவின்ர கதிரைதான். அதை இறக்கி அவவை அதில சாய்ச்சம். தவம் அண்ணை உள்ளுக்கப் போய் எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்தார்.

மெத்தையையும் மெஷினையும் என்ன செய்யிறது எண்டு கேட்டன். தன்ர கட்டட வேலைக் குப்பையோட திங்கட்கிழமை அனுப்பிவிடுறன், விட்டிட்டுப் போங்கோ எண்டார். கதிரையைத் தானே வைச்சுக்கொண்டார். நல்ல கதிரையாம்.

எங்கட சின்னக் காரில திரும்பி வந்தம். பிள்ளையள் ரெண்டு பேரும் பின்னுக்கு நித்திரை. குழந்தைச் சீற்றை டிக்கியில நெருக்கி வைச்சிருந்தன். ஒரு சிவப்பு லைற்றில நிண்ட நேரம் நான் சொன்னன்.

"பிராமுக்காக இல்லை, சுகந்தி. எனக்குப் பயமா இருந்தது. அதுதான் பெரிய வாகனம் பாத்தனான்."

"எனக்குத் தெரியும்," எண்டா. "மாயா பிறக்கேக்க துளை போடுற மெஷின் வாங்கினனீங்கள். நிலாவுக்குக் கூடாரம். ரெண்டும் இன்னும் பெட்டிக்குள்ளதான் கிடக்கு. இந்த முறை நாலு சில்லோட ஏதோ வரப்போகுது எண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

"அப்ப ஏன் மறிக்கேல்லை?"

"மறிச்சால் வாழ்நாள் முழுக்க அந்தப் பிக்கப்பைப் பற்றிக் கதைப்பீங்கள். இப்ப வாயே திறக்க மாட்டீங்கள்."

லைற் பச்சை ஆச்சு.

"நீங்கள் உயரத்தில இருக்கோணும் எண்டில்லை," எண்டா கொஞ்சம் போன பிறகு. "ஓடிப்போய்த் தூக்கினீங்கள்தானே. அது காணும்."

அடுத்த கிழமையே ஏழு சீற் கார் ஒண்டு எடுத்தம். சாம்பல் நிறம். கதவு பக்கவாட்டில இழுபடும். சுகந்தி ஏணி இல்லாம ஏறினா. மகன் பிறந்து ஆஸ்பத்திரியால வீட்டை வந்ததும் அதிலதான். எல்லாருக்கும் இடம் இருந்தது, எல்லாற்ற பெல்ற்றும் என்ர கைக்கு எட்டிச்சு. பின்வரிசையில ரெண்டு சீற் சும்மா கிடந்தது, அதைப் பாக்கப் பாக்க எனக்குப் பெருமை.

நாலாம் நாள் வடக்கு லண்டனில இருக்கிற எட்மண்டனில இருந்து சுகந்தியின்ர சித்தப்பா போன் எடுத்தார். பிள்ளையை விசாரிச்சார், தாயை விசாரிச்சார். அதுக்குப் பிறகு, "தம்பி, நீங்கள் ஏழு பேர் போற கார் எடுத்திருக்கிறீங்களாம். கனடாவில இருந்து எங்கட ஆக்கள் வருகினம். எயார்போட்டுக்கு ஒருக்காப் போகோணும், சனிக்கிழமை உங்களுக்கு வேலை இல்லைத்தானே?" எண்டார்.

வாகனம் வாங்கப் போற ஆக்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வீட்டில எத்தினை பேர் எண்டு வடிவா எண்ணுங்கோ, அதுக்கு மேல ஒரு சீற்றும் எடுக்காதேங்கோ.